நோயுற்ற குழந்தையின் சிகிச்சைக்காக ஓடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்காவின் மகளுக்கு 5 வயதில் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அந்தப் பாப்பாவின் சிகிச்சைக்காகத்தான் நான் முதன்முதலில் 21 கிலோமீட்டர் ஓடினேன். அதன் பிறகு எங்கள் ஓட்டக் குழுவில் இருக்கிறவர்கள் இன்னும் மூன்று குழந்தைகளுக்காக ஓடிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தவறு செய்து கற்றுக்கொண்டதும் நன்றாக நடந்ததும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓடினால் பணம் எப்படி வரும்? யார் கொடுப்பார்கள்?

ஓட்டம் நடத்துகிறவர்கள் நமக்குப் பணம் தருவதில்லை. நாம்தான் பதிவுக் கட்டணம் கட்டி ஓடுகிறோம். "இந்தக் குழந்தைக்காக இந்தத் தேதியில் இவ்வளவு தூரம் ஓடப்போகிறேன், உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று நமக்குத் தெரிந்தவர்களிடம் கேட்கிறோம். அவர்கள் கொடுப்பதுதான் நிதி. சிலர் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள். சிலர் கிலோமீட்டருக்கு 50 ரூபாய், 100 ரூபாய் என்று சொல்லி, ஓடி முடித்த பிறகு அனுப்புவார்கள்.

எனக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் 200, 500 என்று வந்த பணம்தான். பெரிய ஆள் ஒருவரைப் பிடித்தால் போதும் என்று நினைத்துக் காத்திருக்க வேண்டாம்.

அதற்கு ஓடுவானேன்? நேராகவே கேட்டுவிடலாமே?

தாராளமாகக் கேட்கலாம். அவசரம் என்றால் ஓட்டத்துக்காகக் காத்திருக்கவே கூடாது, அன்றே கேளுங்கள். ஆனால் ஒரு முறை கேட்டால் ஒரு முறைதான் கேட்க முடியும். ஓட்டம் என்று வைத்துக்கொண்டால் மூன்று நான்கு மாதம் பேச்சு தொடர்கிறது. "இன்று 12 கிலோமீட்டர் ஓடினேன்" என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு வரி போடும்போது, போன வாரம் கொடுக்க மறந்தவர் இந்த வாரம் அனுப்புவார். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று நாலு பேர் விசாரிப்பார்கள். அந்த விசாரிப்பு குடும்பத்துக்குப் பணத்தைப் போலவே வேண்டியிருக்கிறது.

இந்த வழக்கத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனதில் டெர்ரி ஃபாக்ஸுக்குப் பெரிய பங்கு உண்டு. கனடாக்காரர். எலும்புப் புற்றுநோயால் 1977-ல் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டார்கள். சிகிச்சையில் இருந்தபோது புற்றுநோய் வார்டில் பார்த்த மற்ற நோயாளிகளை, முக்கியமாகக் குழந்தைகளை, அவரால் மறக்க முடியவில்லை. 1980 ஏப்ரல் 12-ம் தேதி செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு முழு மாரத்தான் தூரம், அதாவது 42 கிலோமீட்டர். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1-ம் தேதி நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூனில், 22 வயதில் இறந்துபோனார். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் என்பது அவர் கேட்டது. அவர் உயிரோடு இருக்கும்போதே அந்தத் தொகை, 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல், சேர்ந்துவிட்டது. அவர் பெயரில் நடக்கும் ஓட்டம் நம் சென்னை ஐஐடி வளாகத்திலும் நடந்திருக்கிறது.

ஃபௌஜா சிங்கையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பஞ்சாபில் பிறந்து, மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் ஓட ஆரம்பித்து, 89 வயதில் முதல் லண்டன் மாரத்தானை ஓடியவர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான ஓர் அமைப்புக்காக ஓடினார். "எனக்கு வயதாகிவிட்டது" என்று சொல்கிறவர்களிடம் நான் இவரைப் பற்றித்தான் சொல்வேன்.

முடிவு செய்துவிட்டேன். முதல் வேலை என்ன?

ஷூ வாங்குவது இல்லை. முதலில் குழந்தையின் அப்பா அம்மாவிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு வரி கூட யாருக்கும் அனுப்ப வேண்டாம். சில குடும்பங்களுக்கு இது ஊருக்குத் தெரிவதே பிடிக்காது. அது அவர்கள் உரிமை.

அப்புறம் மருத்துவமனையில் செலவு மதிப்பீட்டுக் கடிதம் வாங்குங்கள். 'எஸ்டிமேட்' என்று கேட்டால் எல்லா இடத்திலும் தெரியும். மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், நோயின் பெயர், சிகிச்சை, எத்தனை மாதம், உத்தேசச் செலவு, டாக்டர் கையெழுத்து, சீல் எல்லாம் இருக்க வேண்டும். மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கும் மருத்துவமனை என்றால் அவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று டாக்டரை விட அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

அரசுக் காப்பீடு இருக்கிறதே, எதற்குப் பணம் திரட்ட வேண்டும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், நியாயமாகத்தான் கேட்கிறார்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் அரசு தருவதை முழுக்க வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. நாங்கள் விண்ணப்பித்தபோது குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். ரேஷன் கார்டு, ஆதார், கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று ஆகியவற்றோடு ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பிறவி இதயக் கோளாறு போன்றவற்றுக்குப் பள்ளி, அங்கன்வாடி வழியாகவே குழந்தைகளைக் கண்டுபிடித்து இலவசமாக அறுவை சிகிச்சைக்கு அனுப்பும் தேசியத் திட்டமும் இருக்கிறது. அரிய நோய் என்றால், 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் அதற்கென்று அறிவிக்கப்பட்ட மருத்துவமனைகளில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. இவற்றில் ஒன்றையும் விசாரிக்காமல் ஊரில் பணம் கேட்பது, கொடுக்கிறவர்களுக்கும் நியாயம் இல்லை.

சரி, இவ்வளவும் கிடைத்த பிறகு என்ன மிச்சம்? பாப்பாவுக்கு வந்தது குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோய். வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் பிழைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிகிச்சை இரண்டிலிருந்து இரண்டரை ஆண்டு நடக்கும். முதல் சில மாதங்கள் கடுமையான கீமோ, அதாவது புற்றுநோயை அழிக்கும் மருந்துச் சிகிச்சை. அப்புறம் மாத்திரையும், மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதும். கீமோ மருந்துக்கு அவர்களுக்குப் பெரிதாகப் பணம் ஆகவில்லை. பணம் போனது வேறு இடங்களில்.

குடும்பம் திண்டிவனம் பக்கம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அக்கா மட்டும் வேலைக்காகச் சென்னையில் தங்கியிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தார்கள். இப்போது இரண்டு அடுப்பு, இரண்டு வாடகை. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார், வண்டியின் தவணை நிற்கவில்லை. கிருமித்தொற்று பயத்தால் பஸ் வேண்டாம் என்று ஆட்டோ. வெளியே எழுதிக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக். வெளியே எடுக்கச் சொல்லும் ஒரு பரிசோதனை. தினமும் முட்டை, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், முகக்கவசம். ஊரில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த மூத்த பையனின் பள்ளிச் செலவு. இவற்றில் எதுவும் காப்பீட்டில் வராது.

இந்தச் செலவில் மூச்சுத் திணறித்தான் பல குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போகின்றன. குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, ஓடி விளையாடுகிறது, இனிமேல் எதற்கு என்றும் தோன்றிவிடுகிறது. நோய் திரும்பி வந்தால் குணமாக்குவது முன்பை விடக் கடினம். நான் ஓடித் திரட்டிய பணம் பாப்பாவின் மருந்துக்குப் போனதை விட அறை வாடகைக்கும், வண்டித் தவணைக்கும், ஆட்டோவுக்கும்தான் அதிகம் போயிற்று. அதுதான் அவர்களைக் கடைசி வரை சென்னையில் நிறுத்தியது. ஆகவே நீங்கள் பணம் கேட்கும்போது "சிகிச்சைக்கு" என்று மட்டும் சொல்லாமல் இந்தச் செலவுகளையும் திறந்து சொல்லுங்கள். பிறகு யாரும் "மருந்து இலவசம்தானே" என்று கேட்க மாட்டார்கள்.

எவ்வளவு இலக்கு வைக்கலாம்?

மொத்தச் செலவையும் ஒரு ஓட்டத்தில் திரட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மாதச் செலவைக் குடும்பத்தோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை மாதத்தை உங்களால் ஏற்க முடியும் என்று பாருங்கள். "பாப்பா குடும்பத்தின் பத்து மாத வாடகையும் போக்குவரத்தும்" என்று நான் கேட்டேன். மக்களுக்கு அது சட்டென்று புரிந்தது. ஒருவர் "ஒரு மாத வாடகை என்னுடையது" என்று எடுத்துக்கொண்டார்.

பணம் யார் கணக்குக்குப் போக வேண்டும்?

உங்கள் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். நல்ல எண்ணம் இருந்தாலும் வேண்டாம். நான் கணக்குப் பிரிவில் இருப்பதால் இதை அழுத்தியே சொல்வேன். உங்கள் சம்பளமும் குழந்தையின் பணமும் ஒரே கணக்கில் கலந்துவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது பெரும்பாடு. வருமான வரித்துறைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

மருத்துவமனைச் செலவு என்றால் குழந்தையின் நோயாளிப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நேரடியாக மருத்துவமனையில் கட்டச் சொல்வதே சிறந்தது. வாடகை, பயணம் போன்றவற்றுக்குப் பெற்றோர் பெயரில் இதற்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் அது பெறுகிறவரின் வருமானமாகக் கணக்கிடப்படலாம். அதனால் தொகை பெரிதாகும் என்று தெரிந்தால் ஆரம்பத்திலேயே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். பதிவுபெற்ற அறக்கட்டளை ஒன்று பொறுப்பெடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வரிச்சலுகை கிடைக்குமா என்று கொடுக்கிறவர்கள் கேட்பார்கள். தனி நபருக்குக் கொடுக்கும் பணத்துக்கு 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடை வரிச்சலுகை கிடையாது. அந்தப் பதிவு உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால் உண்டு. அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. இதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுங்கள்.

இணையத்தில் நிதி திரட்டும் தளங்கள் வசதியானவைதான். ஆனால் அவர்கள் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள், 'டிப்ஸ்' என்ற பெயரில் கொடுக்கிறவரிடம் கூடுதலாக எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். எங்கள் குழுவில் ஒருவரின் சித்தப்பா தெரியாமலே கூடுதல் தொகை கட்டிவிட்டு வருத்தப்பட்டார்.

கணக்கு எப்படி வைப்பது?

நம் ஊர் மொய் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து நடக்கும்போது ஒரு ரூபாய் தவறாது. பெயர், ஊர், தொகை, வரிசையாக எழுதியிருக்கும். அதே ஒழுங்கு போதும். ஒரு பக்கம் வரவு, ஒரு பக்கம் செலவு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. மாதம் ஒரு முறை கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டவர்களை 'நண்பர்' என்று போடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம்மவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை என்ற கணக்கில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் அறக்கட்டளைக்கு அனுப்புவதானால், அந்த அறக்கட்டளை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அனுமதி பெற்றிருக்க வேண்டும். கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்புவது பெரிய அலைச்சல்.

குழந்தையின் படத்தைப் போட்டால்தானே பணம் வரும்?

படம் போட்டால் அதிகம் வரும் என்பது உண்மைதான். முடி கொட்டிய தலை, மூக்கில் குழாய், அழும் தாய் என்று போட்டால் இன்னும் அதிகம் வரலாம். அப்படிச் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். இப்போது பள்ளிக்குப் போகிறாள். நாளைக்கு அவளுக்குப் பதினைந்து வயதாகும், கூடப் படிக்கிறவர்கள் கையில் போன் இருக்கும். இணையத்தில் போட்ட படம் எங்கேயும் போகாது. "கேன்சர் பிள்ளை" என்ற பெயர் பெண் பார்க்க வரும் வீடு வரை துரத்தும் ஊர் இது. அவள் கேட்டுக்கொண்டு இந்த நோய் வரவில்லை, அந்தப் படத்துக்கு அவள் சம்மதிக்கவும் இல்லை.

நாங்கள் என்ன செய்தோம் என்றால், அவள் வரைந்த ஒரு படத்தைப் போட்டோம். கடல், மீன், அதற்கு மேலே ஒரு பெரிய ஆட்டோ. பெயர் போடவில்லை, ஊர் போடவில்லை, மருத்துவமனைப் பெயரும் போடவில்லை. மதிப்பீட்டுக் கடிதத்தைக் கேட்கிறவர்களுக்கு மட்டும் தனியாகக் காட்டினோம். பணம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. குறைந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன எழுதுவது?

எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் செய்தியை எழுதிவிட்டு மூன்று நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். கடைசியில் அனுப்பியது இதுதான்:

"வணக்கம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் 5 வயதுக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய். குணமாகக்கூடியது, இரண்டரை ஆண்டு சிகிச்சை. மருந்து பெரும்பாலும் காப்பீட்டில் கிடைக்கிறது. தங்கும் அறை, போக்குவரத்துக்குத்தான் கஷ்டம். ஜனவரியில் 21 கி.மீ. ஓடுகிறேன். 100 ரூபாயிலிருந்து எவ்வளவு முடியுமோ கொடுங்கள். முடியாவிட்டால் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். கணக்கு மாதாமாதம் அனுப்புவேன்."

இதைப் பெரிய வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போவார்கள். தனித்தனியாக, பெயர் சொல்லி அனுப்புங்கள். முதலில் நீங்கள் ஒரு தொகை போட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள். கொடுக்காதவர்களிடம் இன்னும் ஒரு முறை ஞாபகப்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கஷ்டம் இருக்கும், நமக்குத் தெரியாது.

எந்த ஓட்டத்தில் சேரலாம்? பதிவுக் கட்டணம் குழந்தைக்குப் போகுமா?

பதிவுக் கட்டணம் டீஷர்ட், பதக்கம், தண்ணீர், ஆம்புலன்ஸ் என்று ஓட்டத்தின் செலவுக்கே போய்விடும். மீதியை எந்த நற்பணிக்குத் தருகிறார்கள் என்பது ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். கோயம்புத்தூர் மாரத்தான் 2013-லிருந்து கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்காக நடக்கிறது. 2023 ஆகஸ்டில் சென்னையில் நடந்த கலைஞர் நினைவு மாரத்தானில் 70 ஆயிரம் பேருக்கு மேல் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டணத்தை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பெற்றோர் தங்கும் இடத்துக்கு என்று ஒதுக்கினார்கள். வார்டு வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் அப்பாக்களைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

உங்கள் குழந்தைக்கான பணத்தை நீங்கள் தனியாகத்தான் திரட்ட வேண்டும். அதற்கு ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தான் வசதி. விடியுமுன்பே கிளம்பிவிடுவார்கள், பருவநிலையும் பரவாயில்லை. முதல் முறை என்றால் 10 கிலோமீட்டர் போதும். "42 ஓடினால்தான் மதிப்பு" என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். கொடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு 10-க்கும் 42.195-க்கும் வித்தியாசம் தெரியாது.

நானே ஓர் ஓட்டம் நடத்தலாமா?

சாலையில் நடத்துவதானால் காவல்துறை அனுமதி, மாநகராட்சி அனுமதி, ஆம்புலன்ஸ், தன்னார்வலர்கள், தண்ணீர் என்று செலவு திரட்டும் பணத்தைத் தின்றுவிடும். அதை விட ஒரு பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்குங்கள். 400 மீட்டர் சுற்று என்றால் பன்னிரண்டரைச் சுற்று 5 கிலோமீட்டர். சுற்றுக்கு 10 ரூபாய் என்று தாத்தா பாட்டி வரை பேசி வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் குழு இரண்டாவது குழந்தைக்காக இப்படித்தான் செய்தது. செலவு தண்ணீர்க் கேனும் வாழைப்பழமும்தான்.

பயிற்சி எப்படி?

5 கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிகிறவர்களுக்கு ஹாஃப் மாரத்தானுக்கு (21 கிலோமீட்டர்) 12 முதல் 16 வாரம் வேண்டும். ஒன்றுமே ஓடாதவர்கள் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆரம்பித்து 10 கிலோமீட்டரைக் குறிவையுங்கள். வாரம் மூன்று நாள் ஓட்டம், ஒரு நாள் காலுக்கும் இடுப்புக்கும் உடற்பயிற்சி. ஞாயிறு காலை நீண்ட ஓட்டம், வாரம் ஒன்று ஒன்றரை கிலோமீட்டர் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு நாலாவது வாரமும் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஓட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு 17, 18 கிலோமீட்டர் ஓடிவிட்டால் அதற்கு மேல் பழக வேண்டியதில்லை.

சென்னையில் குளிரை விடப் புழுக்கம்தான் எதிரி. நாலரைக்குக் கிளம்பி ஆறரைக்குள் முடியுங்கள். தாகம் எடுக்கும்போது குடியுங்கள். வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகும். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டரிலேயே கரையுங்கள், பாதியில் கரைக்காதீர்கள். உப்புப் போட்ட மோரும் நல்லது. ஓடுவதற்கு முன் வலி மாத்திரை போடும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது, சிறுநீரகத்தைக் கெடுக்கும், வேண்டாம். புது ஷூவை ஓட்டத்தன்று முதன்முதலாகப் போட வேண்டாம்.

40 வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சிறு வயதில் மாரடைப்பு வந்திருந்தால், டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ நின்றுவிடுங்கள். நீங்கள் பாதியில் நின்றதற்காகக் கொடுத்த பணத்தை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள்.

குழந்தையை ஓட்டத்தன்று அழைத்து வரலாமா?

கீமோ நடக்கும்போது வேண்டாம். ரத்தத்தில் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், கூட்டத்தில் வரும் சாதாரணச் சளி கூட அந்தக் குழந்தைக்கு ஐசியூவில் முடியலாம். பாப்பா அறையிலிருந்து வீடியோ காலில் பார்த்தாள். ஓடி முடித்ததும் பதக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பணம் மீந்தால்? அல்லது… குழந்தை போய்விட்டால்?

இந்தக் கேள்வியைக் கேட்கவே யாருக்கும் மனம் வராது. ஆனால் பணம் கேட்கும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். நாங்கள் ஓடிய நான்கு குழந்தைகளில் ஒரு பையன் நான்கு மாதத்தில் இறந்துவிட்டான். கணக்கில் பணம் இருந்தது. கொடுத்தவர்களிடம் முன்பே சொல்லியிருந்தோம்: மீதி இருந்தால் முதலில் இந்தக் குடும்பம் சிகிச்சைக்காகப் பட்ட கடன், அதற்கு மேல் அதே வார்டில் இன்னொரு குழந்தை. அந்த அப்பா அடகுக்கடையில் வைத்த வளையலை மீட்டுக் கொடுத்தோம். மிச்சத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்று அந்த அம்மாவிடமே கேட்டோம். பக்கத்துக் கட்டிலில் இருந்த பிள்ளையைச் சொன்னார்.

முன்பே சொல்லியிராவிட்டால் அந்த நேரத்தில் நூறு பேரிடம் போன் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். துக்க வீட்டு வாசலில் நின்று கணக்குப் பேசியிருக்க வேண்டும்.

மோசடியோ என்று சந்தேகப்படுகிறார்கள். என்ன சொல்வது?

சந்தேகப்படட்டும், கோபப்படாதீர்கள். குழந்தைகளின் படத்தை எடுத்துப் பொய்யாகப் பணம் கேட்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். "மருத்துவமனையில் நேராகக் கட்டுங்கள், பதிவு எண் தருகிறேன்" என்று சொல்லுங்கள். உண்மையான குடும்பத்துக்கு அதில் தயக்கம் இருக்காது. நீங்கள் கொடுக்கிற பக்கம் இருந்தாலும் இதையே கேளுங்கள்.

ரயிலில் சலுகை உண்டு என்கிறார்களே?

உண்டு. புற்றுநோய் சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. உடன் போகும் ஒருவருக்கு இவற்றில் 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டி வாங்க வேண்டும். இது தெரியாமல் பாப்பாவின் குடும்பம் முதல் மூன்று மாதம் முழுக் கட்டணம் கொடுத்துப் போய் வந்தது.

என்னால் ஓடவும் முடியாது, பணமும் இல்லை. வேறு என்ன செய்யலாம்?

தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், கொடுங்கள். கீமோ நடக்கும் குழந்தைக்குத் திடீரென்று பிளேட்லெட் குறையும். எடுத்த தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால் எப்போதும் புதிய ஆள் தேவை. இயந்திரம் வழியாக ஒருவரிடமிருந்து தட்டணுவை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு மற்ற ரத்தத்தைத் திரும்ப உடலுக்கே அனுப்புவார்கள். ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பிருந்து ஆஸ்பிரின் சாப்பிட்டிருக்கக் கூடாது. ராத்திரி பதினோரு மணிக்கு வார்டிலிருந்து போன் வரும்போது அப்பா ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கெஞ்சுவதற்குப் பதிலாக, ரத்த வகை, போன் நம்பர், எந்த நேரம் வர முடியும் என்று முன்பே எழுதிய ஒரு பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்து ஆள் பிடித்துத் தரும் வேலையை எங்கள் குழுவில் ஓடாத ஒருவர்தான் பார்க்கிறார், முழங்கால் தேய்மானம் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை. ஓடுகிறவர்கள் ஓட்டத்துக்கு முந்தைய சில வாரங்களில் ரத்தம் கொடுக்க வேண்டாம். ஓடி முடித்து உடம்பு தேறியதும் அவரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.